ஏகாதசி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

நீளமான மேசை. அதன்மேல் வரிசையாகப் பாக்குமட்டைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பாதி அக்கி ரொட்டி, ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி, ரொட்டியின் மேல் சிறு துண்டு வெண்ணெய். வெண்ணெய் உருகி உள்ளே இறங்கி, பளபளப்பு மட்டும் மிச்சமிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீச்சல்குளத்தில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் என் வகுப்புக்கு வந்திருந்த பெண்கள் மேசையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இன்னிக்கு ஏகாதசி" என்றார் ஒருவர்.

இல்லை. ஏகாதசி முந்தைய வாரமே போய்விட்டது.

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். கட்டுரை ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கிறது, தேதிகளைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். குறைத்துக்கொள்கிறேன். மழை கொஞ்சம் விட்டிருந்த, தசராவுக்கு இன்னும் நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு போதும். ஆனால் அன்று ஏகாதசி இல்லை என்பதை எந்த ஆசிரியருக்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

பாத்திரம் தானாகப் பேசாது

எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெங்களூரின் இன்னொரு மூலையில், மர்பி டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணவர் போன பிறகு, வீட்டின் முன்னறையில் பாத்திர வியாபாரம் தொடங்கினேன். கடை இல்லை, பலகை இல்லை. இட்லிக் கொப்பரை, பணியாரக் கல், இரும்புத் தோசைக்கல், வார்ப்பிரும்புக் கடாய். வீடு வீடாகப் போய் வாசலில் வைத்துக் காட்டினேன், யாரும் வாங்கவில்லை. வார்ப்பிரும்பைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். "அப்பா, இன்னா வெயிட்டு" என்று கீழே வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் சண்டை. பணியாரம் கல்லில் ஒட்டுகிறதாம், நான் ஏமாற்றிவிட்டேனாம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் அடுப்பிலேயே பணியாரம் சுட்டேன். சண்டை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் பணியாரம் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கல் வாங்கினார்கள். சண்டை போட்ட அம்மா மட்டும் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று புரிந்தது. பாத்திரம் தானாகப் பேசாது. அதில் ஒன்றைச் சமைத்தால்தான் பேசும்.

முதலில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன். வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். பிறகு கட்டணம் வைத்தேன். பாத்திரம் வாங்கினால் கட்டணத்தை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். கட்டிய பணத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. வகுப்பு முடிந்து போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி இருக்கும்.

ஒரு ரொட்டிக்கு இரண்டு கடாய்

எந்தப் பாத்திரம் விற்க வேண்டுமோ, அந்தப் பாத்திரம் இல்லாமல் சரியாக வராத பண்டத்தைத்தான் சொல்லித்தர வேண்டும். இது என் வியாபார விதி. ஊரே செய்கிற சாம்பாரைச் சொல்லிக்கொடுத்தால் எவள் பாத்திரம் வாங்குவாள்?

அந்த வகையில் அக்கி ரொட்டி எனக்குக் குலதெய்வம். அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய், பிறகு இங்கே சப்சிகே என்று சொல்கிற, சோம்பு வாசனை அடிக்கிற மெல்லிய கீரை. மாவை உருட்டி, எண்ணெய் தடவிய ஆறின கடாய்க்குள் விரலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். பிறகுதான் அடுப்பு, மூடி. சூடான கடாயில் தட்ட முடியாது, விரல் போய்விடும். சீக்கிரம் ஆற வேண்டும் என்று சூட்டோடு தண்ணீர் விட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

ஆக ஒன்று அடுப்பில், ஒன்று ஆற. அக்கி ரொட்டி வகுப்புக்கு வந்தவள் இரண்டு கடாயோடுதான் வீடு போவாள்.

இதில் இன்னொரு வழக்கம் சேர்ந்தது. அது நான் உண்டாக்கியதில்லை, மர்பி டவுன் பெண்கள் உண்டாக்கியது. புது வார்ப்பிரும்பைப் பழக்க ஒரு வாரமாவது ஆகும். எண்ணெய் தடவி, காயவைத்து, வெங்காயம் வதக்கி, மறுபடியும் எண்ணெய். வகுப்பில் நான் சமைத்துக் காட்டுகிற கடாய் ஏற்கெனவே பழகியிருக்கும். "அது எனக்கு", "நான்தான் முதல்ல கேட்டேன்" என்று அடித்துக்கொள்வார்கள். அதனால் சீட்டு. ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒரு தகர டப்பாவில் போடுவது, ஒன்றை எடுப்பது. பெயர் வந்தவள் கத்துகிற கத்தலில் தெருநாய் எழுந்து ஓடும்.

வித்யா

வித்யா என் முன்னறை வகுப்புக்கு ஒருமுறை வந்தவர். சென்னைப் பெண், கணினி வேலை. "மேடம், நீங்க எங்க அபார்ட்மென்ட்டுக்கு வாங்க, அங்க எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்றார்.

போனேன். நல்ல கூட்டம், நல்ல கட்டணம். அங்கேயும் சீட்டு எடுத்தோம். பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் பெண்கள் ஒரு பழகின கடாய்க்காகக் குதித்ததைப் பார்த்திருக்கிறேன். நான்காவது வகுப்பு முடிந்தபோது வித்யா, குடியிருப்புச் சங்கத்தில் பேசிவிட்டதாகவும், இனி மாதம் இரண்டு வகுப்பு, மூன்று கட்டடங்களுக்கும் சேர்த்து என்றும் சொன்னார்.

அந்த வார்த்தையை நம்பித் தசராவுக்காகக் கடாய்கள் வரவழைத்தேன். முன்னறையில் பெட்டிகள் சன்னலை மறைக்கிற அளவுக்கு ஏறின. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வார்ப்பிரும்பை எந்த மொத்த வியாபாரியும் திருப்பி எடுப்பதில்லை. அந்த வகுப்புகள் நடந்தால்தான் என் வீட்டில் மறுபடி வெளிச்சம் வரும் என்ற நிலை.

தேதிகளை நானும் வித்யாவும் சேர்ந்துதான் குறித்தோம். ஏகாதசி, சதுர்த்தி, அமாவாசை எல்லாம் தள்ளி. சனிக்கிழமை விரதக்காரர்கள் இருப்பார்கள், அதனால் ஞாயிறு. சுவைத்துப் பார்க்காத வகுப்பில் பாத்திரம் விற்காது. நாள்காட்டி பார்க்காமல் நான் வகுப்பு வைத்ததே கிடையாது.

எந்த லைன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் வித்யாவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். கல்யாணி அம்மாள். மகன் வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும் என் வகுப்புக்கு அன்றுதான் முதல்முறை. நல்ல களையான முகம், இஸ்திரி போட்ட பருத்திப் புடவை.

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"உங்க தமிழ் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. எந்த ஊரு நீங்க?"

"கேஜிஎஃப்ங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அட! நான் வளர்ந்ததே அங்கதான். எங்கப்பா மைன்ஸ் ஆபீஸ்ல இருந்தார். எந்த லைன்?"

கோலார் தங்கவயல்காரர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு லைன். சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் திக்குத் திக்காகச் சிதறிப்போனோம். ஆனால் ஒருவரையொருவர் எங்கே பார்த்தாலும், ஆஸ்பத்திரியோ ரயிலோ சாவு வீடோ, பெயரைக் கேட்பதற்கு முன் கேட்பது "எந்த லைன்?" என்பதுதான். பதில் வந்ததும் யார் வீடு, யார் அத்தை, தண்ணீர்க் குழாயில் யார் யாரோடு சண்டை என்று எல்லாம் வெளியே வரும். ஒருமுறை பங்காருப்பேட்டை ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் லைன் பெயரைக் கேட்டுவிட்டு, டிக்கெட் கேட்க மறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எங்களுக்கு வாய் தானாகத் திறக்கும். எனக்கும் திறந்தது.

"மாரிக்குப்பம், பள்ளத்து லைன்ங்க" என்றேன். மாவுக் கையோடு சிரித்தேன்.

"அப்பா?"

"அண்டர்கிரவுண்டுதாங்க. மெஷின்மேன்."

"ஓ" என்றார்.

எங்களுக்கு லைன் என்பது உறவு. ஆபீஸ்காரர்களுக்கு அது வேறு. எந்த லைனில் யாரைக் குடிவைத்தார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். லைன் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து தங்கம் தோண்ட வந்தவர்கள் நாங்கள். ஆபீஸ் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு என் அம்மா விறகு கொண்டு போயிருக்கிறார். கொல்லைப்புறத்தோடு நிறுத்திவிடுவார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள்.

என் அப்பா ஷிப்ட் முடிந்து, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பௌத்த சங்கத்து வாசகசாலைக்குப் போவார். உலகத்துச் செய்தி எல்லாம் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வார். எனக்கு யசோதரா என்று பெயர் வைத்தவர் அவர்தான். நான் புத்தகம் படிப்பதும் தேதி பார்ப்பதும் அவரிடமிருந்து வந்தவை. அவர் பழகாத ஒன்றே ஒன்று, லைன் பெயரை மறைப்பது. அதை எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

கல்யாணி அம்மாள் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார். அதில் இருந்த பெண் அடுத்த நாற்காலிப் பக்கம் சாய்ந்தார். பழைய ஊர்க்கதை பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் பாட்டுக்கு விரலால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

தகர டப்பா

ரொட்டியைப் பாதி பாதியாகப் பிய்த்துத் தட்டுகளில் வைத்தேன். யாரும் எழுந்து வரவில்லை.

ஒருவருக்கு டயட். ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டாராம். ஒருவருக்கு அந்தக் கீரை ஒத்துக்கொள்ளாது. போன மாதம் பணியாரத்தை மூன்று முறை கேட்டு வாங்கியவர் ஏகாதசி என்றார்.

"ஏகாதசி போன வாரமே போயிடுச்சுங்களே" என்று சொல்லிவிட்டேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. நாள் தவறினால் என் வாய் சும்மா இராது.

கல்யாணி அம்மாள்தான் பதில் சொன்னார். "அவங்கவங்க வீட்டு வழக்கம் வேற வேற இருக்கும்மா. உனக்கு அதெல்லாம் தெரியாது."

சற்று முன்தான் 'நீங்க' என்று கேட்டவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்தேன். எல்லாக் கைகளும் மடியில் இருந்தன.

ஆனாலும் தகர டப்பாவை எடுத்து வைத்தேன். காகிதத் துண்டுகளையும் பேனாவையும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. இரண்டு கடாய்களும் கன்னங்கரேலென்று, எண்ணெய் மினுமினுக்க, நன்றாகப் பழகி உட்கார்ந்திருந்தன. யாரும் பேனாவைத் தொடவில்லை. டப்பா காலியாகவே இருந்தது.

வித்யாவின் முகம் சிவந்துவிட்டது. நல்ல பெண். அவசரமாக எழுந்து வந்தார்.

"மேடம், நான் ரெண்டு எடுத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெட்டி பிரிக்காதது இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன்.

ஓசூர்ப் பெண்

எல்லோரும் கலைந்தார்கள். வித்யா கைப்பேசியில், "செல்வி, கிளப் ஹவுஸுக்கு வா, பெரிய டப்பா எடுத்துட்டு வா. நிறைய மிஞ்சிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, தோழிகளை வழியனுப்ப வெளியே போனார்.

வித்யா வீட்டில் சமையல் செய்கிற பெண்தான் செல்வி. சுறுசுறுப்பான ஆள். வந்ததும் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, வாய்ல வெச்சா கரையுது! ஏன் ஒருத்தரும் துன்னல?"

"விரதமாம்."

"இந்த வூட்டு ஆளுங்களா? விரதமா?" என்று சிரித்தாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க நம்ம கேஜிஎஃப்தானக்கா? பேச்சே சொல்லுதே. எந்த லைன்?"

சொன்னேன். கையிலிருந்த டப்பாவை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா! அதுக்குப் பின்னாடி லைன்தான் எங்க அம்மா வூடு! உங்க லைன் குழாய்லதான் நாங்க தண்ணி புடிப்போம், உங்காளுங்க எங்க கொடத்த எட்டி உதைப்பாங்க!"

"நீங்க வரிசை தாண்டி வந்தா?"

"தாண்டிதான் வருவோம்!"

அந்த நாளில் நான் சிரித்தது அப்போது ஒருமுறைதான். திடீரென்று அவள் வாசலைப் பார்த்துக் குரலைக் குறைத்தாள்.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. இங்க நான் ஓசூரு."

"யார் கேட்டா?"

"அந்தப் பெரியம்மாதான். வேலைக்கு வந்த அன்னிக்கே. ஊர் கேட்டுச்சு, அப்பறம் தெரு கேட்டுச்சு. ஓசூர்ல ஒரு தெருப் பேர் சொல்லி வெச்சிருக்கேன். காலைல இட்லி, மத்தியானம் சாதம், நைட்டு சப்பாத்தி, எல்லாம் இந்தக் கைதான். அதுக்கு மாத்திரை குடுக்கறதுகூட நான்தான்."

கண்ணாடிக் கதவு திறந்தது. கல்யாணி அம்மாள், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டாராம். எங்கள் கைகள் இன்னும் கோத்தபடி இருந்தன. அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

கீழே லூர்து ஆட்டோவோடு காத்திருந்தார். மர்பி டவுனில் பக்கத்துத் தெரு, என் சாமான் எல்லாம் அவர் வண்டியில்தான். கடாய்களைத் தூக்கி வைத்தபோது முகம் சுளித்தார்.

"இன்னாக்கா, ரெண்டும் அப்டியே வருது? சீட்டு எடுக்கலியா?"

"எடுக்கல."

"ஏன்?"

"ஏகாதசியாம்."

லூர்து கடாய்களைத் திரும்பிப் பார்த்தார். "கடாய்க்குமா?" என்றார்.

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் இரும்பு இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

அடுத்த வகுப்பு தள்ளிப்போனது. அதற்கடுத்தது "லேடீஸ் எல்லாம் பிஸி மேடம்" என்று நின்றது. தசரா நெருங்கியது. என் முன்னறையில் பகலிலும் விளக்கு எரிந்தது.

ஒரு காலையில் வித்யா கூப்பிட்டார்.

"மேடம், கடைசி டவர்ல கிளாஸ் கேக்கறாங்க. வேற ஆளுங்க. பெரிய குரூப்." கொஞ்சம் தயங்கினார். "யாராவது ஊர் கேட்டா பெங்களூர்னு மட்டும் சொல்லிடுங்களேன். பொய்யும் இல்லையே அது?"

பொய் இல்லைதான்.

"அப்பறம் இன்னொன்னு, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க செல்வி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அத்தை கேக்கறாங்க. அவளும் உங்க பக்கமான்னு..."

பின்னால் டம்ளர் வைக்கும் ஓசை கேட்டது. கல்யாணி அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எந்த செல்விங்க?"

"அன்னிக்கு டப்பா கொண்டு வந்தாளே."

"ஓ, அந்த ஓசூர்ப் பொண்ணா? அது பேச்சே அந்தப் பக்கத்துப் பேச்சுங்க. எங்க ஊர் ஆளா இருந்தா வாய் திறந்ததும் எந்த லைன்னு கேட்டிருக்கும். அந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. ரொட்டி நல்லாருக்குன்னு கையப் புடிச்சுச்சு, அவ்ளோதான்."

வித்யா பெருமூச்சு விட்டது கேட்டது. "தேங்க்ஸ் மேடம். அப்ப கிளாஸ்?"

கடைசிக் கட்டடமும் அதே வளாகம்தான். ஒரே வாசல், ஒரே கிளப் ஹவுஸ். நான் வந்திருப்பது தெரிந்தால் செல்வி ஓடி வருவாள். என்னைப் பார்த்தால் அவள் முகம் மாறும், பேச்சு மாறும். அதைக் கண்டுபிடிக்கக் கல்யாணி அம்மாளுக்கு ஒரு நிமிடம் போதும். இனி நான் அங்கே கால் வைப்பது அவள் வேலைக்குத்தான் ஆபத்து.

"எனக்குத் தூரமா இருக்குங்க" என்றேன். "இடுப்பு தாங்கல."

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மிச்சம்

கடாய்களை ஒரு மெஸ்காரர் கொஞ்சமும், பழைய தவணை வாடிக்கையாளர்கள் கொஞ்சமுமாக எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி மூடுகிறேன். இல்லாவிட்டால் துரு ஏறிவிடும். சீட்டுக்கு வைத்த அந்த இரண்டு கடாய்களில்தான் இப்போது நான் சமைக்கிறேன்.

வகுப்புகளை மர்பி டவுனிலும் பக்கத்துத் தெருக்களிலும் மட்டும் எடுக்கிறேன். வருகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். கட்டணத்தில் பேரம் பேசுகிறார்கள்.

செல்வி எப்போதாவது கைப்பேசியில் பேசுவாள். பெயரைச் சொல்லாமல், குரலைக் குறைத்துத்தான் பேசுவாள். சென்ற மாதம் கூப்பிட்டாள்.

"அக்கா, பெரியம்மா அக்கி ரொட்டி வேணும்னு கேட்டுச்சு. நீங்க போன்ல சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சேன்."

"எந்தக் கடாய்ல?"

"உங்க கடாய்தான். அன்னிக்குப் பெட்டியோட வாங்குனாங்களே, அந்த ரெண்டு. எத்தினி நாளா பழக்கி வெச்சிருக்கேன் தெரியுமா? ரெண்டு ரொட்டி துன்னுட்டு, இன்னொண்ணு போடுன்னுச்சு. ஓசூர்க் கைமணமே தனின்னுச்சு."

மூலையில் இருந்த மீதிப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒட்டுச்சா?"

"ஒட்டலக்கா."

"ஒட்டாது" என்றேன். "நல்லாப் பழகியிருக்கு."